ஏறுபூரான், இறங்குபூரான்

என் தாய்மாமனுக்கு மாட்டைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, வாயில் வடையை வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். பதினோரு வயதில் வந்த அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அது ஆறியே தீர வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

எல்லாம் ஒரு கிடாரியால் வந்தது. செவந்தி என்று பெயர். நான் மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று, சேலத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த மாமா, மாமன் சீராக ஒரு கன்றுக்குட்டியை மினி லாரியில் ஏற்றிவந்து கோயில் வாசலிலேயே இறக்கினார். மற்ற பிள்ளைகளுக்கு வெள்ளிச் சங்கிலி, சைக்கிள், கடிகாரம் என்று வந்தன. எனக்குக் கன்றுக்குட்டி. வெள்ளை கவுனோடு நான் கயிற்றைப் பிடித்திருக்க, அது கவுனின் ஓரத்தை வாயில் போட்டு மென்றது. சாமியார்கூடச் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த நிமிடமே அது என் மாடாகிவிட்டது.

நாங்கள் ஏற்காடு மலையில், கிளியூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். அப்பா எஸ்டேட் ஜீப் ஓட்டினார். அம்மா நாற்றங்காலில் வேலை செய்தாள். செவந்திக்குத் தீனி அறுத்தது, சாணி அள்ளியது, உண்ணி பிடுங்கியது எல்லாம் அம்மாவும் நானும்தான். மே மாதத்தில் ஏற்காடு முழுக்கப் பூவும் கூட்டமுமாக இருக்கும்போது, ஒருநாள் மாடு கன்றுகளுக்கும் கண்காட்சி வைப்பார்கள். அதில் கிடாரிகளுக்கான வரிசையில் செவந்திக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஓர் எவர்சில்வர் குடமும் நீல ரிப்பனும் கொடுத்தார்கள். முதல் பரிசின் சிவப்பு ரிப்பன் கொட்டச்சேட்டிலிருந்து வந்த ஒரு கிடாரியின் கழுத்துக்குப் போனது. வீட்டுக்கு வரும் வழியிலேயே நீல ரிப்பனைச் சுருட்டிக் குடத்துக்குள் போட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் செவந்தி, முதல் கன்று போட்ட தலையீத்து மாடுகளின் வரிசையில் கன்றோடு நிற்க வேண்டும். நடுவர் தாயையும் பார்ப்பார், கன்றையும் பார்ப்பார். கன்றின் கால் எப்படி, முதுகு எப்படி, நிற்கும் நிலை எப்படி என்று பார்ப்பார். ஆகவே கன்றுக்கு அப்பன் யார் என்பதுதான் அந்த வருடம் எங்கள் வீட்டின் பெரிய கேள்வி. சீராகக் கொடுத்தது மாமா என்பதால் காளையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் மாமாவுக்கே என்று அப்பா சொல்லிவிட்டார். சாணி அள்ளியவர்களை யாரும் கேட்கவில்லை.

மாமா காளையைப் பார்க்கும் முறை வேறு. அவருக்குச் சுழி முக்கியம். மாட்டின் நெற்றியிலும் முதுகிலும் மயிர் சுழன்று கிடக்குமே, அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, இது குடும்பத்தை வாழவைக்கும், இது குடியைக் கெடுக்கும் என்று சொல்லிவிடுவார். முதுகின் நடுவே மயிர் பூரான்போல நீளமாகப் படிந்திருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. பூரான் திமிலை நோக்கிப் போனால் ஏறுபூரான், நல்லது. வாலை நோக்கிப் போனால் இறங்குபூரான், அந்த மாடு வாசலுக்கே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் வரிசையில் முழங்காலிடுகிற மனிதர் இவ்வளவையும் எந்த நம்பிக்கையில் நம்பினார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

ஜூலை நடுவில் ஒருநாள் விடிந்ததிலிருந்து செவந்தி கத்த ஆரம்பித்தாள். பருவத்துக்கு வந்துவிட்டாள் என்றாள் அம்மா. சொல்லியனுப்பியதும் மாமா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போடலாம் என்பது அப்பாவின் யோசனை. டாக்டரம்மா இளவயதுக்காரர், பொறுமைசாலி. எங்களை உட்காரவைத்து, காளைகளின் படம் போட்ட ஒரு புத்தகத்தைப் பிரித்தார். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அந்தக் காளையின் தாய் எவ்வளவு பால் கறந்தது, அதன் கன்றுகள் எப்படி என்றெல்லாம் எழுதியிருந்தது. எனக்கு மூன்றாம் பக்கத்திலிருந்த செவலைக் காளையைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இந்தக் காளையோட முதுகு தெரியலீங்களே?"

"முதுகு எதுக்குங்க?"

"சுழி பாக்கணுமுங்க. பக்கவாட்டுல நிக்க வெச்சுப் படம் புடிச்சா மேல என்ன இருக்குதுன்னு ஆரு கண்டா?"

டாக்டரம்மா அதைக் கேலிப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. முதுகுப் படம் வேண்டும், இல்லாவிட்டால் ஊசி வேண்டாம் என்று எழுந்துவிட்டார். சினை ஊசி மருந்தைக் குளிரில் வைத்திருந்த, புகை விடும் கேனைத் திறக்கப் போன டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து விரலை மடித்துக் கணக்குச் சொன்னார். இன்னும் இருபத்தொரு நாளில் மறுபடி பருவத்துக்கு வருவாள், அப்போது சினை பிடித்தால் மே நடுவில் கன்று போடுவாள், அதையும் விட்டுவிட்டால் ஜூன் ஆகிவிடும், கண்காட்சிக்கு வயிற்றோடுதான் ஓட்டிவர வேண்டும் என்றார். மறுநாள் செவந்தியின் கத்தல் நின்றுபோனது. ஒரு படத்தில் முதுகு தெரியவில்லை என்று ஒரு பருவம் வீணாகப் போனது. இதை எந்தக் கல்யாணப் பந்தியிலும் யாரும் சொல்வதில்லை.

பத்து நாள் கழித்து, கண்ணால் பார்க்கக்கூடிய காளை ஒன்றைப் பார்க்க மாமா ஒத்துக்கொண்டார். மே மாதக் கண்காட்சியில் எங்களை ஜெயித்த கிடாரிக்கு அப்பன், கொட்டச்சேட்டில் இருந்தது. அப்பா ஜீப்பில் மாமாவையும் என்னையும் கூட்டிப்போனார். காளைக்காரர் ஒரு காலத்தில் எஸ்டேட்டில் காப்பி பழம் அரைக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். மனைவி இறந்தபின் அந்தக் காளைதான் அவருக்குத் துணை, வருமானம் எல்லாம். சவுக்கு மரத்தடியில் சரிவில் கட்டியிருந்தார். குட்டையான, அகலமான, நல்ல செவலை. காலை ஊன்றி நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்குக் கன்றே தெரிந்துவிட்டது.

எங்கள் மலையில் சமதரை என்று ஒன்று கிடையாது என்பதை இங்கே சொல்லவேண்டும். வீட்டுக்கு முன்பக்கம் ஏறும், பின்பக்கம் இறங்கும். அன்று காளை தலை பள்ளத்தைப் பார்க்கவும், வால் மேட்டைப் பார்க்கவும் நின்றுகொண்டிருந்தது. முதுகில் பூரான் இருந்தது, பளிச்சென்று இருந்தது. அது வாலிலிருந்து திமிலை நோக்கித்தான் போனது. மாமா காளைக்குப் பயந்தாரோ சேற்றுக்குப் பயந்தாரோ, மேட்டிலேயே பத்தடி தள்ளி நின்றபடி கையை நீட்டினார்.

"பாருங்க மச்சான், எறங்குது. இறங்குபூரான்."

 எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, காளை பள்ளத்தப் பாத்து நிக்குதுங்க. திருப்பிக் கட்டுனா ஏறுமுங்க."

காளைக்காரர் முகம் மலர்ந்தது. "புள்ள சரியாச் சொல்லுதுங்க. இருங்க, திருப்பிக் கட்டறேன்" என்று கயிற்றில் கைவைத்தார். மாமா ஒரு கையை உயர்த்தித் தடுத்தார்.

"திருப்பிக் கட்டுனா சுழி மாறுமுங்களா? நான் எத்தனை மாடு பாத்தவன். வேண்டாமுங்க."

கீழ்நாட்டில் மட்டமான மண்ணில் மாடு பார்த்துப் பழகிய கண். அங்கே மாடு எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மலைச்சரிவில் நின்று பார்க்கிறோம் என்பது அவர் மூளைக்கு எட்டவே இல்லை. எட்டியிருந்தாலும் பதினோரு வயதுப் பெண்பிள்ளை சொல்லி ஒத்துக்கொள்வாரா? சுழியில் உண்மை இருக்கிறதா இல்லையா என்ற வழக்கை விடுங்கள். அவருடைய சாஸ்திரத்தின்படியே அவர் சொன்னது தப்பு. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜீப்பில் ஏறும்போது காளைக்காரர் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வெளிய இப்படிச் சொல்லிப்போடாதீங்க. அப்புறம் ஆரும் மாடு ஓட்டிட்டு வரமாட்டாங்க." மாமா தலையை ஆட்டினார். திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தி, அங்கே இருந்த நாலு பேரிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்தும் நான் விடவில்லை. அடுப்படியில் கிடந்த முறத்தை எடுத்துச் சாய்த்துவைத்து, அதன்மேல் ஒரு சீப்பைக் காளையாக வைத்து, இப்படி நின்றால் இறங்கும், இப்படி நின்றால் ஏறும் என்று எல்லோருக்கும் விளக்கினேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து மாமாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ரெட்டச்சுழி பேசற பேச்சப் பாத்தீங்களா? இதுக்குத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

வாலுப் பிள்ளைகளை ரெட்டைச் சுழி என்று திட்டுவது ஊரில் வழக்கம்தான். நான் பொருட்படுத்தவில்லை. காப்பி கொண்டுவந்த அம்மா மட்டும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தம்ளரை மாமாவின் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

"அண்ணா, சுழியப் பத்தி இனிமே இந்த ஊட்டுல பேச வேண்டாமுங்க."

அண்ணனை எதிர்த்து அம்மா ஒரு சொல் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. என் பக்கம் பேசுகிறாள், கொட்டச்சேட்டுக் காளையின் பக்கம் பேசுகிறாள் என்று எனக்கு ஒரே குஷி. மாமா காப்பியைத் தொடாமல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

டாக்டரம்மா சொன்ன கணக்கு தப்பவில்லை. ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் செவந்தி மறுபடி கத்தினாள். அப்பா மரியாதைக்காக மாமாவுக்குப் போன் போட்டார். நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன், கீழே ஒரு காளை பார்த்து வைத்திருக்கிறேன், அடுத்த பருவத்துக்கு அங்கே ஓட்டிப் போகலாம், அதுவரைக்கும் யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் மாமா. அடுத்த பருவம் என்றால் ஜூன் மாதக் கன்று. நான் தட்டில் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோய் செவந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் ரிப்பன், என் மாடு, நான் அள்ளிய சாணி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன்.

விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பினாள். அப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது. அம்மா நாற்றங்காலுக்குப் போகும் சேலையில் இல்லை, கோயிலுக்குப் போகும் சேலையில் இருந்தாள். என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை சீவினாள்.

என் தலைமுடிக்கு ஒரு கதை உண்டு. எங்கள் கான்வென்ட் பள்ளியில் எல்லாப் பெண்களும் நேர்வகிடு எடுத்து ரெட்டைச் சடை போட வேண்டும். எனக்கு மட்டும் கிடையாது. அம்மா தலைமை சிஸ்டரிடம் போய், பிள்ளைக்கு முடி கொட்டுகிறது என்று ஏதோ சொல்லி அனுமதி வாங்கியிருந்தாள். தினமும் எண்ணெய் வைத்து, கோணல் வகிடு எடுத்து, முடியை உச்சிக்கு மேலாக இழுத்துப் படியவைத்து ஒற்றைச் சடையாகப் பின்னிவிடுவாள். ரெட்டைச் சடைக்காக நான் அழாத வாரமில்லை. அன்று கேட்காமலேயே சீப்பின் முனையால் நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் நேராக ஒரு வகிடு கிழித்தாள். இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னி, சிவப்பு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டினாள். அந்தக் குஷியில் காலில் செருப்பு போட மறந்து வெளியே ஓடினேன்.

செவந்தியை அவிழ்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் நடந்தோம். பெண்கள் மாட்டைக் காளைக்கு ஓட்டிப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அது ஆம்பளைகள் வேலை. சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். அம்மாவோ நிமிர்ந்து, நடு ரோட்டில் நடந்தாள். தூறல் பிடித்தது. அவள் கொண்டுவந்த சாக்கை விரித்துச் செவந்தியின் முதுகில் போட்டாள். நான் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"நனைஞ்சா நனையட்டும், கண்ணு. தலைய மறைக்காத."

மாட்டுக்குச் சாக்கு, பெற்ற பிள்ளைக்கு ஒரு துண்டுகூடக் கிடையாதா என்று சேலம் பஸ் நிற்கும் ஒண்டிக்கடை முக்கு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

ஒண்டிக்கடையில் நாங்கள் போய்ச் சேரவும் சேலம் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. முதலில் இறங்கியவர் மாமா. டீக்கடையில் நின்றவர்கள் ஏற்கனவே எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் முகம் கறுத்துப்போனது.

"ஏம்மா, பொம்பள மாட்டக் காளைக்கு ஓட்டிட்டுப் போறதா? ஊரே சிரிக்குது பாரு."

"சிரிக்கட்டுமுங்க."

"அந்தக் காளைக்குச் சுழி சரியில்லைன்னு நான் சொன்னேனா இல்லையா?"

 அம்மா என் தோள் இரண்டையும் பிடித்தாள். என்னை ஒரு சுற்றுச் சுற்றி, என் முதுகு மாமாவைப் பார்க்கும்படி நடு ரோட்டில் நிறுத்தினாள்.

"நல்லாப் பாத்துக்குங்கண்ணா. மூடி மறைக்கலீங்க. ஊரும் பாக்கட்டும்."

மாமா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் டீக்கடைப் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  கொஞ்ச நேரம் கழித்து அம்மா கயிற்றை இழுத்தாள், நாங்கள் கொட்டச்சேட்டுக்கு நடந்தோம்.

காளைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். பத்து நாளாக ஒரு மாடும் வரவில்லையாம். அம்மா காளையின் முதுகை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நல்லாருக்குதுங்க உங்க காளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிப்போய் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

மே மாதம் செவந்தி கன்று போட்டாள். கண்காட்சியில் சிவப்பு ரிப்பன் எங்களுக்கு. நடுவர் கன்றின் காலைத் தடவினார், மடியைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். சுழியைப் பார்க்கவில்லை. மாமா வந்திருந்தார். பரிசு அறிவித்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தார். அந்தப் போட்டோ அவர் வீட்டு வரவேற்பறையில் இன்றும் மாட்டியிருக்கிறது. நடுவில் மாமா, இந்தப் பக்கம் செவந்தி, அந்தப் பக்கம் அப்பா. கன்றுக்குப் பின்னால் என் ஒரு சடை மட்டும் தெரியும். அம்மா இல்லை. "என் கைராசி" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

கல்லூரிக்குப் போகும்வரை இதைக் காளைக்காக நடந்த சண்டை என்றே நினைத்திருந்தேன். சேலத்தில் கல்லூரி விடுதியில் ஓர் இரவு, அறைத்தோழி எனக்குச் சடை போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றது.

"ஏய், உனக்கு உச்சியில ரெண்டு சுழிடி! பொண்ணுக்கு ரெட்டைச் சுழி இருந்தா ரெண்டு தாலின்னு சொல்லுவாங்க. உங்க ஊட்டுல யாரும் சொன்னதில்லையா?"

அம்மாவுக்குப் போன் செய்தேன்.  யாரோ மூன்றாம் மனிதரின் கதையைப் போலச் சொன்னாள்.

"நீ பொறந்தன்னைக்கே உங்க மாமா உன்னக் கையில வாங்கித் தலையத் தடவிப் பாத்தாரு. ரெட்டச்சுழி, எம் பையனுக்கு இவ வேண்டாம்னு அத்தன பேரு முன்னாடியும் சொல்லிப்போட்டாரு. அன்னைல இருந்து ஆரு கண்ணுலயும் படாம மூடி மூடியே சீவுனேன், கண்ணு. நொம்ப நாளு மூடிட்டேன்."

அவருடைய பையனை நான் கட்டியிருக்கவே மாட்டேன் என்பது வேறு விஷயம். பிறந்து ஒருநாள்கூட ஆகாத பிள்ளையைத் தலையைத் தடவிப் பார்த்துக் கழித்துக் கட்ட அவர் யார்?

போனை வைத்தபின் நெடுநேரம் தூக்கம் வரவில்லை. நேர்வகிட்டில் தூறல் விழுந்த குளிர்ச்சி திரும்பவும் தலையில் இறங்கியது. ஒண்டிக்கடையில் அத்தனை பேருக்கு நடுவே அம்மா என்னைத் திருப்பி நிறுத்தியபோது, என் புது ரெட்டைச் சடையைத்தான் மாமாவுக்குக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். ரிப்பன் நன்றாகத் தெரியட்டும் என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டினேன்.